காப்புக் கை

"சர்க்கரை அறுநூறு. இன்சுலின் ஏற்றிவிட்டேன்" என்றது, டாக்டர்களை ஒழித்துவிட்டு வீட்டுக்கு வீடு சுவரில் மாட்டிய பெட்டி.

வெறும் வயிற்றுப்போக்கென்று படுத்த இசக்கிமுத்துவுக்குக் கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டியது. இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஊசியும் அதே கையில் இருந்ததை அவன் மனைவி செல்வக்கனி அப்போதுதான் பார்த்தாள்.

"ஏ மூதேவி! குளுக்கோஸ் ஏறுற கையிலயா ரத்தம் எடுத்த? அது அவுக சர்க்கரை இல்ல, பாட்டில்ல உள்ள சர்க்கரைல்லா!"

"வலது கையில் அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் கட்டிய காப்புக் கயிறு இருக்கிறது. போன கொடையில் காப்புக் கையில் குத்தியதற்காக ஊரார் பெட்டிகளை உடைத்தார்கள். இப்போது உங்கள் நம்பிக்கையை மதிக்கிறோம்."

"அம்மன் ஒங்கிட்ட வந்து சொன்னாளா?" கத்தரிக்கோலால் காப்பை அறுத்து எறிந்தாள். "இப்ப எடு!"

எடுத்தது. இசக்கிமுத்துவின் கண்கள் செருகின.

"சர்க்கரை முப்பது. அறுநூறிலிருந்து இறங்கியிருக்கிறது. சிகிச்சை நன்றாகப் பலித்திருக்கிறது. வாழ்த்துகள்."

செல்வக்கனி குளுக்கோஸ் பாட்டிலின் திருகை முழுதாகத் திறந்துவிட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.