நிமிர்த்திய புல்

வருடத்துக்கு ஒரு சக்கரத்தடமாவது செயற்கைக்கோளின் கண்ணில் படாவிட்டால், பொழுதுபோக்கு விமானிகளின் அந்தக் காட்டு ஓடுதளத்தை மூடிவிடுவார்கள். இந்த வருடம் யாரும் இறங்காமலே கெடுவின் கடைசி நாளும் வந்துவிட்டது. எஸ்தர் கணவரோடு பறந்து வந்து, தன் சின்ன விமானத்தைப் புல்லில் இறக்கி, மரநிழலில் நிறுத்திவிட்டு, நிம்மதியாகத் தேநீர் போட்டாள்.

நண்பகலில் செயற்கைக்கோள் கடந்தது. உடனே விமானம் பேசியது: "தடம் இல்லை. ஓடுதளம் மூடப்பட்டது. இனி இங்கிருந்து புறப்பட முடியாது."

பதறித் திரும்பினாள். கணவர் அருமைநாயகம் புல்லில் மண்டியிட்டிருந்தார். காடு கெடக்கூடாதென்று, சக்கரம் நசுக்கிய புல்லை நிமிர்த்திவிடுவது அவருடைய இருபது வருடப் பழக்கம்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"கை தானா போயிடுச்சு, எஸ்தர்."

விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். பின்னால் வந்தவர், அவள் மிதித்த புல்லைக் குனிந்து குனிந்து நிமிர்த்திக்கொண்டே வந்தார்.