கடலைக் கொல்லைக்குப் போகும் வழி

வயல் வரப்பில் குடியிருந்த எலிகளுக்குச் சுரங்க மேஸ்திரி சீராளன். பாதைக்கு அப்பால் இருக்கும் கடலைக் கொல்லைவரை ஒரு சுரங்கம் போட்டால் எல்லோருடைய பட்டினியும் தீரும் என்று நம்பினான். ஆனால் வேலையைத் தொடங்கும்போதெல்லாம் தலைவி பூவாயி குட்டி போட்டுவிடுவாள்.

"பிள்ளைகளுக்கு அறை தோண்டு சீராளா. அதுக்குத்தான் கூலி நெல் தருவேன். சுரங்கம் அப்புறம்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க அக்கா! பிள்ளைங்க எதைத் தின்னும்?"

"வளர்ந்தா அதுங்களும் தோண்டுமே."

வளர்ந்தன. நாற்பது பேர் வேலை கேட்டு வந்து நின்றார்கள். சீராளன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவர்களில் தும்பை என்பவள் கேட்டாள்: "மாமா, எப்படியும் அறைதானே தோண்டப் போறோம்? அதைக் கடலைக் கொல்லைப் பக்கமாவே வரிசையாத் தோண்டினா என்ன?"

இது தனக்குத் தோன்றவில்லையே என்று சீராளனுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. ஆனாலும் தோண்டினார்கள். பிரசவத்துக்குப் பிரசவம் அறைகள் நீண்டு, பாதையைத் தாண்டின. கடலை வாசனைகூட வந்துவிட்டது. இன்னும் ஒரே ஓர் அறைதான் பாக்கி.

சீராளன் பூவாயியிடம் மூச்சிரைக்க ஓடினான்.

"என்ன அக்கா, சும்மா உட்கார்ந்திருக்கீங்க? அடுத்த பிரசவம் எப்போ?"