குலுங்காத சைக்கிள்

"தலைவரே, சொன்னா கேளுங்க. உங்களுக்கு இந்த வண்டி வேணாம்."

விற்க வேண்டிய பொருளை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரைத் தினகரன் இப்போதுதான் பார்க்கிறான். சைக்கிள் கடை சிட்டிபாபு அப்படித்தான். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

தலைவர் என்றால் பரமசிவம். பட்டு நெசவாளர், தெருச் சங்கத்துக்குத் தலைவர். சர்க்கரை வந்ததும் டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். முதல் மாதம் தெருமுனைக்குப் போய் வருவதற்குள் நாக்கு தள்ளியது. இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பக்கத்து வீட்டுத் தினகரனோடு தாமல் ஏரிக்கரைக்குப் போகிறார். கால் ஊன்றாமல் கரை ஏறுகிறார், இறங்குகிறார். ஓட்டம் கைவந்துவிட்டதல்லவா, பழைய சைக்கிள் கசந்துவிட்டது.

"ஏரிக்கரைக்கு முன்னாடி மட்டும் ஸ்பிரிங் இருந்தா தாராளம்," என்றார் சிட்டிபாபு. "இதுல பின்னாடியும் ஸ்பிரிங். வண்டி கனம். நீங்க மிதிக்கறதுல பாதிய அதுவே தின்னுடும்."

"ஏரிக்கரை பிரச்சினையே இல்லபா. மண்ணு, மெத்துனு இருக்குது. எங்க தெருவுக்குள்ள நுழைஞ்சாதான் உயிர் போவுது," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார் பரமசிவம்.

அந்தத் தெருவின் கதை ஊருக்கே தெரியும். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நெடுக நீட்டிப் பாவு போடுவார்கள். ஒருநாள் காலை எவனோ பைக்கில் பறந்து வந்து பாவுக்குள்ளேயே விட்டுவிட்டான். ஒரு குடும்பத்தின் உழைப்பு அறுந்து தெருவில் கிடந்தது. பரமசிவம் விடவில்லை. நகராட்சி வாசலில் உட்கார்ந்து போராடி, தெரு முழுக்க வேகத்தடை போட வைத்தார். போடும்போது பக்கத்திலேயே நின்று, "இன்னும் கொஞ்சம் ஒசத்துபா, இன்னும் கொஞ்சம்" என்று அவரே உயர்த்தவும் வைத்தார்.

அதற்குப் பிறகு அங்கே பாவு அறுந்ததில்லை. ஆட்டோவும் அநேகமாக வருவதில்லை.

தினகரனின் மனைவி அம்சவேணிக்கு இது நிறைமாதம். "அந்தத் தெருவா? மெயின் ரோடு வரைக்கும் நடத்திக்கினு வந்துடுபா" என்கிறான் ஆட்டோக்காரன். ஒரே ஒரு தடவை ஒருவன் மனசு இரங்கி உள்ளே வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அம்சவேணி மேட்டுக்கு மேடு அலறிவிட்டாள். வலி வந்தபிறகு அந்த மேடுகளில் அவளை எப்படிக் கொண்டு போவது என்று நினைத்தாலே தினகரனுக்குத் தூக்கம் போய்விடும்.

"எடுக்க வேணாம்ணா, பாதியா செதுக்கி விட்டா போதும்" என்று கெஞ்சாத நாளில்லை. தலைவர் அசைந்து கொடுக்கவில்லை. தான் போராடி வாங்கியதாயிற்றே!

போன ஞாயிறுதான் சாமி கண் திறந்தது. திரும்பி வரும்போது கடைசி மேட்டில் தூக்கிப் போட்டதில், பரமசிவம் சைக்கிளைக் கீழே விட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"யப்பா... இது மனுசன் போற வழியாபா? வெள்ளிக்கிழமை கூட்டத்துல பேசி செதுக்கிடலாம்," என்று தன் வாயாலேயே சொன்னார்.

வெள்ளிக்கிழமை, இன்றைக்குத்தான். சாயங்காலம் வரை தலைவர் முகம் கோணக்கூடாது. தினகரன் சிட்டிபாபு மீது பாய்ந்தான்.

"இன்னாணா நீங்க? அண்ணன் ஆசப்பட்டு வந்திருக்காரு. அவர் இடுப்பு முக்கியமா, வண்டியோட கனம் முக்கியமா? ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் இருக்கறதையே குடுங்க."

அதோடு விட்டானா? சீட்டைத் தானே இறக்கி வைத்தான். ஸ்பிரிங்கை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் மெத்துனு வைங்கணா, இன்னும் கொஞ்சம்" என்று சிட்டிபாபுவின் உயிரை வாங்கினான்.

பரமசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "கூடப் பொறந்தவன் கூட இப்படிப் பாத்துப் பண்ண மாட்டான்பா!"

சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம். தெருவே வந்திருந்தது. அம்சவேணிக்கு யாரோ நாற்காலி கொண்டு வந்து போட்டார்கள். புது சைக்கிள் ஹேண்டில்பாரில் சாமந்தி மாலையோடு ஓரமாக நின்றது.

தினகரன் எழுந்தான். "அந்த மேடுங்க எப்படித் தூக்கிப் போடுதுன்னு அண்ணனுக்கே தெரியும். போன வாரம் அவரேதான் செதுக்கிடலாம்னு சொன்னாரு. இவளுக்கும் நாள் நெருங்கிடுச்சு. நீங்க சொல்லுங்கணா."

எல்லோரும் பரமசிவத்தைப் பார்த்தார்கள். அவரும் நியாயமாகத்தான் தலையாட்டினார்.

"சொன்னேன்பா, இல்லேங்கல. ஆனா தலைவர்னா நேர்ல பாத்துட்டுதான் முடிவு சொல்லணும். இருங்க, ஒரு நட போயிட்டு வந்துடறேன்."

மாலையோடு இருந்த சைக்கிளில் ஏறினார்.

முதல் மேடு. சீட்டிலிருந்து அவர் எழும்பக்கூட இல்லை. இரண்டாவது மேட்டிலும் அப்படியே. தினகரன் அந்த ஸ்பிரிங்கையே பார்த்தான். பரமசிவம் தெருக்கோடி வரை போய், திரும்பி, எல்லா மேட்டையும் மறுபடி தாண்டி, ஊஞ்சலில் வருகிறவர் மாதிரி வந்து இறங்கினார். இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் முகத்தில் துளிகூடக் கள்ளமில்லை.

நேராக அம்சவேணியிடம் போனார்.

"சும்மா பயந்துக்கினு இருக்கியேமா... நானே போயிட்டு வந்துட்டேன். எங்க குலுக்குது? எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"