எட்டு மீற்றர் பள்ளம்

"நிலம் எட்டு மீற்றர் கீழை இறங்கிட்டுதெண்டால், நான் இப்ப பாதாளத்திலையோ நிக்கிறன்?"

தம்பிஐயா காணியின் நடுவே நின்று காலால் ஓங்கி மிதித்துக் காட்டினார். தலைக்கு மேலே குடை. அச்சுவேலியின் பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. ஒதுங்கி நிற்க ஒரு நிழல் கிடையாது.

கிணற்றுக்கட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த ஆரபிக்கும் எரிச்சல்தான். கம்பஸில் படிக்கிறவள். வானத்திலிருந்து சற்றலைற் ராடர் எடுத்த படங்களிலிருந்து வலிகாமத்தின் மேடு பள்ளங்களைக் கணக்கிடுவது அவளுடைய ஆய்வு. பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிட்டால் சுற்றியுள்ள இடமெல்லாம் பொருந்துகிறது. இந்த ஒரு காணி மட்டும் எட்டு மீற்றர் இறங்கிக் கிடக்கிறது.

அதோடு விட்டாளா? காணிச் சொந்தக்காரரான மாமா வாகீசனுக்கு, கனடாவுக்கே படத்தை அனுப்பிவிட்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

பத்து வருடமாக ஊர்ப்பக்கம் வராத மனிதர், அடுத்த மாதம் வருவதாக இருந்தார். இத்தனை காலம் காணியைப் பார்த்துக்கொண்ட தம்பிஐயாவுக்குத் தெற்கு மூலையில் இரண்டு பரப்பு நிலத்தை உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கத்தான் அந்தப் பயணம். இப்போது, அடியில் சுண்ணாம்புக்கல் கரைந்து நிலம் தாழ்கிறதென்று பயந்து, வரவே மாட்டேன் என்கிறார். வாடகை வீட்டிலேயே தலை நரைத்துப்போன தம்பிஐயாவுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"நிலாவரைக் கிணறும் உப்பிடி நிலம் இடிஞ்சு வந்ததுதானே அண்ணை," என்றது ஆரபியின் தொலைபேசியில் வாகீசனின் குரல்.

"என்ன விசர்க் கதை தம்பி! கிணத்துக்கட்டிலை ஒரு வெடிப்பு இல்லை. மதில் நேரா நிக்குது. பிள்ளை, நீங்களாவது சொல்லுங்கோவன்!"

"ஓம் மாமா. நானும் பக்கத்துக் காணியோடை வைச்சு அளந்து பாத்திட்டன். நிலம் ஒரு சாண்கூட இறங்கேல்லை. படத்திலைதான் எங்கையோ பிழை."

தம்பிஐயாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆகாயத்திலை இருந்து அளந்தால் உப்பிடித்தான்! நல்லூரான் சத்தியமா நிலம் அப்பிடியே கிடக்கு. நீங்கள் வந்து உறுதியை எழுதுங்கோ தம்பி."

"அப்ப சந்தோசம் அண்ணை, வாறன். ஆனா பிள்ளை, உந்தப் பிழை எப்பிடி வந்தது?"

"அதுதான் மாமா விளங்கேல்லை," ஆரபி சலித்துக்கொண்டாள். ஒரு மாதமாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகிறாள். இந்தக் காணிக்கு வந்தது மட்டும் இன்றைக்குத்தான். "ராடர் மண்ணைத்தான் பாக்குமெண்டு இல்லை. மரம் அடர்த்தியா நிண்டால், மர உச்சியை நிலமெண்டு காட்டிப்போடும்."

"பிள்ளை, வெயிலுக்கை இருந்து கதையாதேங்கோ, வாங்கோ போவம்," என்றார் தம்பிஐயா.

"பொறுங்கோ ஐயா. அந்த மரத்தைத் தறிச்சால், அடுத்த படத்திலை நிலம் இறங்கினமாதிரி இருக்கும் மாமா. ஆனா இது எப்பவும் வெறும் வெளிதானே, அந்தப் பிரச்சினைக்கே இடமில்லை."

தொலைபேசியில் வாகீசனின் குரல் உயர்ந்தது.

"அண்ணை, என்ரை பனையெல்லாம் எங்கை?"