வலப்பக்கத்து டேப்

செப்டம்பர் 18, வியாழன், காலை 7.40. ஊருக்கு மேற்கே உள்ள ஆளில்லா லெவல் கிராசிங்கில் ரயில் மோதி, அச்சகத்தில் வேலை பார்த்த ஒரு பைண்டர் இறந்தார். வயது முப்பத்தெட்டு. தண்டவாளத்தின் மேல் நின்ற மோட்டார் சைக்கிளில் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார் என்று ஒரு ஸ்கூல் வேன் டிரைவர் வாக்குமூலம் கொடுத்தார்.

மறுநாள் அந்தப் பழைய வண்டி, முன்சக்கரம் நெளிந்து, மெக்கானிக்கின் ஷெட்டில் நின்றது. ஸ்டேஷனில் இடமில்லை. "பதினோரு மணிக்கு வந்து பார்க்கிறேன், யாரும் தொடக் கூடாது" என்று இன்ஸ்பெக்டர் இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

பைண்டரின் மனைவி ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"வண்டியில ஏதாச்சும் கோளாறா, அண்ணே?"

"இன்னும் பார்க்கலம்மா."

"பெட்ரோல் டேப் ஒழுகுதுன்னு போன வாரம் உங்ககிட்டதான விட்டாரு?"

"ரெண்டையும் புதுசா மாத்திட்டேனே. ஒரு சொட்டு ஒழுகாது."

"வேற எதுனா இருக்கும்ண்ணே. நல்லாப் பாருங்க. என்னவா இருந்தாலும் மறைக்காமச் சொல்லிடுங்க."

பழியை யார் தலையில் போடலாம் என்று பார்க்கிறாள், மெக்கானிக் நினைத்தார். "பதினோரு மணிக்கு வாம்மா" என்று அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார்.

டேங்க் சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் காய்ந்து கிடந்தது. இரண்டு டேப்பையும் கழற்றினார். கழற்றிய கை அப்படியே நின்றது.

அந்த வண்டிக்கு டேங்கின் இருபக்கமும் டேப் உண்டு. இடப்பக்கத்து டேப்பில் மட்டும், டேங்குக்குள் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். பெட்ரோல் அதற்குக் கீழே இறங்கியதும் வண்டி நின்றுவிடும். அப்போது வலப்பக்கத்து டேப்பைக் குனிந்து திறந்தால், அடியில் மிச்சமிருப்பது வரும். அதுதான் ரிசர்வ்.

குழாய் வைத்த டேப் வலப்பக்கத்தில் இருந்தது. போன வாரம், வாசலில் மூன்று பேர் அவசரப்படுத்திக்கொண்டிருக்க, அவர் கையால் மாற்றி மாட்டியது. இடப்பக்கத்தில் குழாய் இல்லாததால், அடிமட்டம் வரை குடித்துத் தீர்த்த பிறகுதான் வண்டி தண்டவாளத்தில் நின்றிருக்கிறது. ரிசர்வ் என்று நம்பி பைண்டர் திறந்த டேப்பில் வருவதற்கு எதுவுமே இல்லை.

முப்பது வருஷப் பெயர். விஷயம் வெளியே வந்தால் பெயரோடு போகாது, ஜெயில். மெக்கானிக் டேப்புகளை இடம் மாற்றி, சரியாக மாட்டி, இரண்டையும் மூடினார்.

மாட்டியதும் அரை லிட்டர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று துணியால் ஒற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். போன வாரமும் அதை மட்டும்தான் பார்த்தார். கை தானாக ஊற்றியது. ஒழுகவில்லை. வடித்துவிட டப்பாவைத் தேடும்போது ஷட்டர் தடதடவென்று மேலே போனது.

இன்ஸ்பெக்டர் அரை மணி முன்னதாகவே வந்திருந்தார். பின்னால் அவள்.

"என்னய்யா, இந்தப் பாடாவதிக்கு உன் வயசு இருக்கும்போல?"

"கூடவே இருக்கும் சார்."

"எதையும் தொடலையே?"

"வந்தது வந்தபடிதான் சார் இருக்கு."

"எங்கப்பாவும் இதே வண்டிதான் வெச்சிருந்தாரு." இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து பெட்ரோல் டியூபைப் பிடுங்கினார். இடப்பக்கத்து டேப்பைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வலப்பக்கத்து டேப் மூடியிருந்தது. அதைத் திறந்ததும் பெட்ரோல் அவர் உள்ளங்கையில் கொட்டியது.

கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"வண்டி மேல ஒரு குத்தமும் இல்லம்மா. ரிசர்வ்ல பெட்ரோல் இருக்கு. கைக்கெட்டுற தூரம். உங்க வீட்டுக்காரர் அதைத் தொடவே இல்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காரு."

பைண்டர் எதைப் பார்த்துக் குனிந்திருந்தார் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். கீழே சிந்திய பெட்ரோலைத் துணியால் ஒற்றினார்.

"அப்ப இது விபத்து இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

அவள் இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எங்கயாவது போய்ச் செத்துத் தொலைங்கன்னு காலையில நான்தான் சார் சொல்லி அனுப்பினேன்."