கலங்கரை விளக்கத்துப் பையன்

"அந்த ரூமுக்குள்ள இன்னொரு பிள்ள இருக்கு" என்றாள் சாந்தா, போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு.

ஜீடிமெட்லாவில், மருந்துக் கம்பெனி மெஷின் இரைச்சலுக்கு நடுவே நின்ற அவள் புருஷன் மேத்யூவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இரைச்சலை விட்டு வெளியே வந்தான். "ஹவ், ஆமா, அது கதை. ஜெமிமா பழைய போன்ல கேக்குறா. விடு சாந்தா" என்று வைத்துவிட்டான்.

விடு என்றால் விட்டுவிட முடிகிறதா? பாளையங்கோட்டையிலிருந்து தெலுங்கு பேசும் மாரெட்பள்ளிக்கு வாழ வந்து, சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்றுகூட இன்னும் கைக்குப் பழகவில்லை. அதற்குள் எட்டு வயது ஜெமிமாவுக்கு அம்மா. மேத்யூவின் முதல் மனைவி பிளெசி நோயில் போய்விட்டாள் என்பதற்கு மேல் சாந்தாவுக்கு ஒன்றும் தெரியாது. மூத்தவளைப் பற்றி வாயைத் திறக்காதே, புருஷன் மனசு கோணிவிடும் என்று சொல்லித்தான் அவள் அம்மா ரயில் ஏற்றிவிட்டிருந்தாள். அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சுவரில் படம் மட்டும் இருந்தது.

ஜெமிமா அவளிடம் பேசுவதே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "நக்கோ", வேண்டாமாம். வேறு எது கேட்டாலும் தெலுங்கில் ஒரு வார்த்தை. பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னப் பையனின் குரல் கேட்கும்.

"சாப்டியா? பயப்படாதே, நான் மேல விளக்குகிட்டதான் இருக்கேன்."

"சாப்டேன்" என்று ஜெமிமா பதில் சொல்வாள், வேறு யாரிடமும் பேசாத தமிழில். அதுதான் சாந்தாவைப் பயமுறுத்தியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாலும், அந்தக் கதவைத் தாண்டிப் போகும்போது கால் வேகமாகத்தான் நடந்தது.

அன்று பிள்ளை குளிக்கப் போன சமயம் பார்த்து, அந்தப் பழைய போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

கப்பல்கள் பாய்மரம் கட்டி ஓடிய காலத்துக் கதை. கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். விளக்குக்காரரின் மகன், அம்மாவைப் பறிகொடுத்தவன். தினமும் பொழுது சாயும்போது எண்ணெயைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவான். படியில் உட்கார்ந்து அழுவான். பிறகு நாய்க்குட்டியிடம் சாப்டியா, பயமா இருக்கா என்று கேட்பான். பாட்டில்லை, மேளமில்லை. வெறும் குரல்தான். நடுநடுவே அதற்கு மூச்சு வாங்கியது.

அடுத்த பாகத்தில், உச்சியில் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பையன் கீழே கடலை எட்டிப் பார்த்தான்.

"அம்மா, நானும் வரட்டுமா?" என்றான்.

அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை, நிறுத்திவிட்டாள். தாயில்லாப் பிள்ளைக்குப் போய் இப்படி ஒரு கதையைச் சொல்லத் துணிந்தது எந்தப் பாவியோ என்று மனதாரச் சபித்தாள்.

திரும்பினால் குளியலறை திறந்து கிடந்தது.

நாலாவது மாடி பால்கனியில், ஈரத்தலையோடு ஜெமிமா நின்றிருந்தாள். கம்பியின் கீழ்ச்சட்டத்தில் ஒரு காலை வைத்து ஏறி, கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நானும் வரட்டுமா?" என்றாள், அந்தப் பையனைப் போலவே.

சாந்தா எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையை இடுப்போடு சேர்த்து இழுத்து உள்ளே கொண்டுவந்து, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். ஜெமிமா திமிறிக்கொண்டு கட்டிலில் போய்க் குப்புற விழுந்தாள். ஏதாவது ஆகியிருந்தால் மாற்றாந்தாய்தான் தள்ளிவிட்டாள் என்று ஊர் சொல்லும் என்பது முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். ஊர் கிடக்கட்டும், இந்தப் பிள்ளை வேண்டும் அவளுக்கு. பேசாவிட்டாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்க வேண்டும்.

சமையலறையில் நின்று, போனிலிருந்த அந்தக் கதையை ஒவ்வொரு பாகமாக அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் குப்பைப் பெட்டியையும் தேடித் திறந்து, அதையும் காலி செய்தாள். அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

மேத்யூ வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஜெமிமா போனோடு சாந்தாவின் எதிரே வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, அவன் எங்க?"

முதல் தடவையாக அவளிடம் தமிழில் பேசுகிறாள். சாந்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. போனை வாங்கிக்கொண்டு பிள்ளையை உள்ளே போகச் சொல்லிவிட்டு, புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எட்டிப் பார்த்தது, வரட்டுமா என்று கேட்டது, அதனால்தான் ஒன்றுவிடாமல் அழித்தது எல்லாம்.

"பிள்ள உயிர விட ஒரு கத பெருசா? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மேத்யூ போனை வாங்கி, விரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு காலில் ஷூவோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பையனுக்குக் குரல் குடுத்தது பிளெசி. டப்பிங்ல சின்னப் பசங்களுக்குக் குரல் குடுக்குறதுதான் அவ வேலை. பொழைக்க மாட்டோம்னு தெரிஞ்சதும், ஆஸ்பத்திரில படுத்துட்டே ஜெம்மிக்காகப் பேசி வச்சா. அவன் வரட்டுமான்னு கேட்டதும், 'வேணாம் கண்ணு, நீ அங்கயே இரு'ன்னு அவனோட அம்மா சொல்லுவாங்க. அந்த ஒரு இடத்துல மட்டும்தான் சாந்தா, அவ சொந்தக் குரல்ல பேசியிருந்தா."