செத்தவன் சாப்பிட வந்தான்

“அரபா, செத்துப் போனவன் எப்படிச் சாப்பிட வருவான்?”

கையிலிருந்த புத்தகத்தைக் கட்டிலில் வீசினார் எபோ க்வான்சா. கானா நாட்டுக் கேப் கோஸ்ட் நகரில் விண்வெளிக் கதை என்றாலே அவர்தான். நாற்பது வருடமாக எழுதுகிறார். ‘நட்சத்திரத் தோணி’ வரிசையில் ஒன்பதாவது புத்தகம் அன்று காலைதான் அச்சாகி வந்திருந்தது. சாயங்காலம் வெளியீட்டு விழா.

“யாரைச் சொல்றீங்க?” என்றாள் மனைவி அரபா, தலைத்துணியைக் கட்டிக்கொண்டே.

“கேப்டன் டான்சோவை! ரெண்டாவது புத்தகத்துலயே அவனைக் கொன்னுட்டேன். தோணியோட கருந்துளைக்குள்ள போயிட்டான். இதுல பாரு, தங்கச்சி வீட்டுல உட்கார்ந்து சோளமாவுக் கெங்கேயும் வறுத்த மீனும் வெளுத்துக் கட்டறான். மிளகாய் பத்தலைன்னு புகார் வேற!”

“ஒரு பக்கம்தானே, யாருங்க கவனிக்கப் போறாங்க?”

“என் வாசகர்களா கவனிக்க மாட்டாங்க? மூணாவது நிலா எந்தத் திசையில உதிக்கும்னு மாத்தி எழுதினதுக்கு வீடு தேடி வந்து சண்டை போட்ட கூட்டம்மா அது!”

எபோ கட்டிலில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

“மானம் போறது கூடப் பரவாயில்ல. கதை எழுதறவன் எவ்வளவு பெரிய பொய் வேணா சொல்லலாம். ஆனா சொன்ன பொய் ஞாபகம் இருக்கணும். இதை எழுதும்போது அவன் செத்தது மறந்திருக்கு. இப்போ, இதை எழுதினதே மறந்திருக்கு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில, நீ யாருப்பான்னு என்னையே கேட்டார்.”

அரபாவின் கை தலைத்துணியிலேயே நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“நேரமாச்சு. சட்டையைப் போடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

“போடறேன். ஆனா இன்னைக்கு மேடையிலேயே சொல்லிடப் போறேன். இனிமே எழுத மாட்டேன்.”

நூலகக் கூடத்தில் நிற்க இடமில்லை. காலையிலேயே புத்தகத்தை வாங்கிப் பாதிப் பேர் படித்து முடித்திருந்தார்கள். அவர்கள் கண்ணைப் பார்க்கவே எபோவுக்குப் பயமாக இருந்தது. மைக்கைப் பிடித்தார்.

“உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்...”

“நீங்க அப்புறம் சொல்லுங்க அங்கிள், நான் முதல்ல கேட்கறேன்!” முன் வரிசையில் எழுந்தாள் மான்சா. வங்கியில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் புத்தகம் ஒன்றையும் விட்டதில்லை. “கேப்டன் டான்சோ எப்படி வந்தார்?”

போச்சுடா என்று நினைத்தார் எபோ.

“அது வந்து, மான்சா...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவர் சாகலைன்னு எனக்கு அப்பவே தெரியும். இங்க இருக்கறவங்கதான் நம்பலை!” கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். “ஏன்யா, டான்சோவுக்குச் சாவுச் சடங்கு நடந்துச்சா? சுவர்ல போஸ்டர் ஒட்டினாங்களா? கறுப்பும் சிவப்பும் கட்டிக்கிட்டு யாராவது போனீங்களா? மேளம் உண்டா, சாப்பாடு உண்டா? இது எதுவுமே இல்லாம நம்ம ஊர்ல ஒரு மனுஷன் எப்படிச் சாவான்?”

கூடம் அதிர்ந்தது. சிரிப்பும் கைத்தட்டலும் அடங்கவேயில்லை. “ஏழு புத்தகமா எங்களை ஏமாத்தினீங்களே, கில்லாடி அங்கிள் நீங்க!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

எபோவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, கும்பிடு போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு கையெழுத்துப் போட்டே கை ஓய்ந்து போனது.

திரும்பும்போது அரபாதான் காரை ஓட்டினாள்.

“தப்பிச்சேன் போ. அந்தப் பொண்ணு வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்” என்று சிரித்தார் எபோ. சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. “ஆனா ஊரை ஏமாத்தலாம், உன்னை ஏமாத்த முடியுமா? நானும் எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன். அந்தப் பக்கத்தை எழுதினதா துளிகூட ஞாபகம் வரலை. பயமா இருக்கு அரபா. அப்பா மாதிரி ஆகறதுக்கு முன்னாடி பேனாவை மூடி வச்சிடறேன். நாளைக்கே டாக்டரைப் பார்ப்போம்.”

அரபா காரை ஓரமாக நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்டீயரிங்கையே பார்த்தாள்.

“திட்டக் கூடாது.”

“எதுக்குத் திட்டணும்?”

“ஒரு கமாவை மாத்தினாலே குதிப்பீங்கன்னுதான் கிளம்பும்போது வாயைத் திறக்கலை. எனக்கு அந்த டான்சோவை ரொம்பப் பிடிக்குங்க. பிழை பார்க்கச் சொல்லி எங்கிட்டக் கொடுத்தீங்களே, அப்போ கை சும்மா இருக்கல. அந்தப் பக்கத்தை எழுதினது நான்.”

“அடிப்பாவி!” என்றார் எபோ. அப்படிக் கத்தியவர், சந்தோஷம் தாங்காமல் ரோட்டோரம் என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிக்கொண்டார்.